பத்து நாள் பொய்

என் இரண்டாவது பிள்ளை எந்தத் தேதியில் பிறக்க வேண்டும் என்று முடிவு செய்தது டாக்டரும் இல்லை, ஜோசியரும் இல்லை. நான் என் மாமியாரிடம் சொன்ன ஒரு பொய்தான். கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். கழித்தலில் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டாலும் சிவப்பு மையில் சுழித்து, அந்தப் பிள்ளையை எழுப்பி நிற்கவைப்பேன். அப்படிப்பட்டவளுடைய வயிற்றுக் கணக்கு மாதக்கணக்கில் தப்பாகவே ஓடியது. தப்பு என்று எனக்குத் தெரியும். திருத்த மனசு வரவில்லை.

அந்தப் பொய்க்கு வருத்தப்படுகிறேனா என்று யாராவது கேட்டால், இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் காமயகவுண்டன்பட்டி. சித்திரையில் ஊர் அம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். அதற்கு ஏழு நாள் முன்னால் பெண்கள் எல்லோரும் ஒரு வீட்டில் கூடி முளைப்பாரிக்கு விதை போடுவோம். சட்டியில் எருவைப் பரப்பி, ஊறவைத்த பயறுகளைத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்க்க வேண்டும். பொங்கலன்று சாயங்காலம் முழ உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் பயிரை, சட்டியோடு தலையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போக வேண்டும். மாதவிலக்காகி வீட்டுக்குத் தூரமான பெண் அந்த அறை வாசலைக்கூட மிதிக்கக்கூடாது. எங்கள் தெருவில் இதற்கெல்லாம் தலைவி என் மாமியார்தான். முதல் விளக்கு அவர் ஏற்றுவார், முதல் கும்மிப் பாட்டு அவர் எடுத்துக்கொடுப்பார்.

இரண்டு வருடம் தொடர்ந்து நான் விதை போட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த பாரியை என் நாத்தனார் தூக்கிக்கொண்டு போனாள். இரண்டு வருடமும் சரியாகப் பொங்கலுக்கு முந்தின நாள் நான் தூரமானேன். மேளச் சத்தம் தெரு முனையைத் தாண்டிப் போகிறவரை வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

மூன்றாம் வருடம் விதை போடுகிற நாளுக்கு ஜெயமங்கலத்தில் இருக்கும் அம்மா வீட்டிலிருந்து நேராக வந்து இறங்கினேன். மாமியார் வாசலிலேயே, நாள் கணக்கு எப்படி என்று கேட்டார். அடுப்படிச் சுவரில் உரக்கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி தொங்கும். பால்காரர் வராத நாள், சிலிண்டர் வந்த நாள், நான் தூரமான நாள், எல்லாம் அதில்தான் ஏறும். என்னுடையதற்கு ஒரு சின்ன வட்டம். அம்மா வீட்டிலேயே ஆகிவிட்டது, மூணு நாள் முன்னாடி, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வருகிறேன் என்று சொன்னேன். அவர் பேனாவை எடுத்து நான் சொன்ன தேதியில் வட்டம் போட்டார். உண்மையில் எதுவும் ஆகவில்லை.

ஆனது பொங்கலன்று காலையில். வட்டம் போட்ட தேதிக்குச் சரியாகப் பத்து நாள் கழித்து. யாரிடமும் சொல்லவில்லை. மாமியார் எடுத்து வைத்திருந்த மஞ்சள் சேலையை விட்டுவிட்டு அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். மாமியார்தான் சட்டியைத் தூக்கி என் தலையில் வைத்தார். நான் வளர்த்த பாரியை நானே தூக்கிக்கொண்டு போனேன். தெருவிலேயே என் பயிர்தான் உயரம்.

அந்த மாதமே கரு நின்றது.

கிராம நர்ஸம்மா கார்டு எழுத வந்தபோது, கடைசியாகத் தூரமானது எப்போது என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் மாமியார் அடுப்படிக்குப் போய் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு வந்து வட்டம் போட்ட தேதியைச் சொன்னார். நர்ஸம்மா எழுதிக்கொண்டார், கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டார். பிரசவத் தேதி தை பதினெட்டு என்று வந்தது. எனக்குத் தெரிந்து அது தை இருபத்தெட்டு.

மூன்றாம் மாதம் முழுக்க வாந்தியில் படுத்துக் கிடந்ததால் அந்த ஸ்கேனுக்குப் போகவில்லை. ஐந்தாம் மாதம் எடுத்த ஸ்கேனில் பிள்ளையின் வளர்ச்சி ஒன்பது நாள் குறைவாகத் தெரிந்தது. ஒரு வாரம், பத்து நாள் முன்னே பின்னே காட்டத்தான் செய்யும், தேதியை மாற்ற வேண்டாம் என்றார் ஸ்கேன் டாக்டர். நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். அம்மன் காரியத்தில் தீட்டோடு நின்றவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் வயிற்றில் இருப்பதற்கு ஒரு தும்மல் வந்தாலும் அதனால்தான் என்று கேட்டுக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை.

இந்தப் பத்து நாள் இவ்வளவு பெரிய விஷயமாக ஆனதற்குக் காரணம், இந்தப் பிள்ளையை வீட்டிலேயே பெற்றுக்கொள்வது என்று நான் முடிவு செய்திருந்ததுதான்.

மூத்தவளைத் தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெற்றேன். கார்டில் போட்ட தேதியன்று காலையில், வலியே இல்லாமல் நடந்து போனவளைப் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் டாக்டருக்கு ஏதோ விசேஷ வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததாம், பின்னால் கேள்விப்பட்டேன். கத்தினால், பெத்துக்க ஆசைப்படும்போது தெரியலையா என்றார்கள். தொடையில் ஓர் அடி விழுந்தது. கேட்காமல், சொல்லாமல் கத்தரி வைத்தார்கள். என் மகளுக்கு நேரமாகவில்லை. அவர்களுக்கு நேரமாகிவிட்டது. இன்னொரு தடவை அப்படிப் படுப்பதில்லை என்று தையல் ஆறுவதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டேன்.

எங்களுக்கு அடுத்த தெருவில் ஓர் அம்மா இருந்தார். மேகமலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். ஊரில் எல்லோருக்கும் அவர் எஸ்டேட்டம்மா. மழையில் பாதை அடைத்துக்கொள்ளும் காலத்தில் தொழிலாளர் லைன் வீடுகளில் எத்தனையோ பிரசவம் பார்த்தவர். ஒரு மாதம் பின்னாலேயே அலைந்து அவரைச் சம்மதிக்கவைத்தேன். சும்மா சம்மதிக்கவில்லை. வாசலில் கார் நிற்க வேண்டும், டிரைவர் ஊரைவிட்டு நகரக்கூடாது, கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போ என்று அவர் சொன்னால் மறுபேச்சு இருக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று, தேதி கடந்தால் ஏழு நாள்தான்.

"எட்டாம் நாள் ஒன் வீட்டுப் படி ஏறமாட்டேன் ஆத்தா. மேல லைன் வீட்டுல ஒருத்தி தன்னால வரட்டும், தன்னால வரட்டும்னு பதினஞ்சு நாள் இருந்தா. கடைசில வந்துச்சு. வாய் தெறந்து அழுகலை" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த ஏழு நாளை நான் ஒத்துக்கொண்டது அந்த முகத்துக்காகத்தான்.

என் வீட்டுக்காரருடைய கட்சி வேறு. அவர் பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் மருந்து அடிப்பதை விட்டு இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து தலைவலிக்கு மாத்திரை போடுவதில்லை, சோப்புப் போடுவதில்லை, ஃபோனில் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டே தண்ணீர் பாய்ச்சுகிறவர். நான் வீட்டில் பெற்றுக்கொள்கிறேன் என்றதும் என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். ஆனால் ஏழு நாள் என்றதும் முகம் சுருங்கியது. இயற்கைக்கு நாம எப்படிக் கெடு வைக்க முடியும், மூன்று வாரம் ஆனாலும் தானாக வரட்டும் என்றார். அவர் நல்ல மனிதர், என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் பெற்றுக்கொள்ளப் போவது அவர் இல்லை.

இந்தப் பக்கம் நர்ஸம்மா. தை பதினெட்டு தாண்டியதிலிருந்து தினமும் வந்தார். ஸ்கூட்டியை நிறுத்தும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவார். வீட்டில் பிரசவம் நடந்தால் அவருக்கு மெமோ வரும், மேலே இருந்து ஃபோன் மேல் ஃபோன் வருகிறது, டீச்சரே இப்படிச் செய்தால் நாலு பேர் பார்த்துப் பழகமாட்டார்களா. அவர் மேலும் எனக்குக் கோபமில்லை. வெயிலில் நான்கு ஊர் சுற்றுகிறவர். ஆனாலும் அவர் தேதியைச் சொல்லிச் சொல்லி மிரட்டும்போதெல்லாம், அது என் தேதி இல்லையே என்று வாய்வரை வந்து நின்றது.

வந்து நின்றதை விழுங்கிக்கொண்டே ஆறு நாளை ஓட்டினேன். பொய்த் தேதிக்குள்ளேயே வலி வந்துவிட்டால் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நப்பாசை. வலி வருவதாக இல்லை. ஆறாம் நாள் காலையில் எஸ்டேட்டம்மா வந்து, பிரஷர் பார்த்து, வயிற்றில் குழலை வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் நாளையோடு தன் கெடு முடிகிறது, ஆஸ்பத்திரிக்குப் பையை எடுத்து வை என்றார். மாமியார் கடைக்குப் போயிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"அம்மா, அந்தத் தேதி பொய்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் ஸ்கேன் தாளை எடுத்துவரச் சொன்னார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒன்பது நாள் குறைவு என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, விரல் கணுக்களில் எண்ணிப் பார்த்தார். பிறகுதான் திட்டினார்.

"சாமி குத்தத்தச் சாமி பாத்துக்கிரும். நாள் குத்தம் எந்தலையிலதான வந்து விடியும்? இன்னும் மாசமே ஆகாத பிள்ளைய நாள் கடந்த பிள்ளைன்னு நெனச்சுக் காபந்து பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்."

புதுத் தேதியிலிருந்து ஏழு நாள் தருவதாகச் சொன்னார். ஆனால் இலவசமாக இல்லை. நர்ஸம்மாவிடமும், வீட்டிலும் நானே சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் ஒரு நாளைக்கூட அவர் கூட்டித் தரமாட்டார். தனியாக நின்று காப்பாற்றுகிற ரகசியத்தில் பிரசவம் பார்க்கக்கூடாது என்றார்.

இரண்டு நாள் தயங்கினேன். சரியாக எட்டாம் நாள் நர்ஸம்மா ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையும் ஜீப்பில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். டாக்டர் சின்னப் பெண், என் தங்கை வயதிருக்கும். ஜீப்பைப் பார்த்ததும் தெருவே வாசலில் கூடிவிட்டது. நடுவீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இப்போதே கிளம்ப வேண்டும், இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டும் என்று டாக்டர் பேச ஆரம்பித்தார். வாசலில் நிற்பவர்களைப் போகச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு, நிற்கட்டும் என்று தோன்றியது.

கார்டில் இருக்கும் தேதி தப்பு, அது நான் சொன்ன பொய், உண்மையில் நான் தூரமானது பொங்கலன்று காலையில் என்றேன். வாசலில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி என்னையே பார்த்தார்.

நர்ஸம்மா நம்பவில்லை. "இத்தன மாசமா எங்க போயிருந்துச்சு டீச்சர் இந்தத் தேதி? நாள் வேணுங்கவும் ஞாபகம் வந்துருச்சாக்கும்" என்றார்.

ஸ்கேன் தாளைக் காட்டினேன். ஸ்கேன் முன்னே பின்னே காட்டும் என்றார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. பொய்யைச் சொன்னபோது கேட்டமாத்திரத்தில் எழுதிக்கொண்டார்கள், கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் சாட்சி கேட்கிறார்கள். டாக்டர் அந்தத் தாளை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, அந்தத் தேதி வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்.

யாருக்குத் தெரியும்?

அடுப்படியிலிருந்து மாமியார் வந்தார். கையில் அரிசி கழுவிய ஈரம். முந்தானையில் துடைத்துக்கொண்டே, டாக்டரைப் பார்க்காமல் வாசலில் நின்ற பெண்களைப் பார்த்துப் பேசினார்.

"எனக்குத் தெரியும். பொங்கலன்னைக்கே தெரியும். மஞ்சச் சேலைய எடுத்து வச்சா அரக்குச் சேலையக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறா. பொம்பளைக்குப் பொம்பள தெரியாதா? தெரிஞ்சுதான் பாரிச் சட்டிய அவ தலையில தூக்கி வச்சேன். வெத போட்டது அவ, தண்ணி ஊத்துனது அவ. ரெண்டு வருசமா வளத்தவ உள்ள உக்காந்து அழுகா, வளக்காதவ தூக்கிட்டுப் போறா. அம்மனுக்கு அதுதான் பிடிக்குமாக்கும்?"

அவர் நர்ஸம்மா பக்கம் திரும்பினார்.

"கார்டுல தேதி சொன்னது நாந்தான். இத்தன பேருக்கு மத்தியில அன்னைக்கு வேற என்ன சொல்லச் சொல்றீக? இப்ப சொல்றேன், அடிச்சுட்டு எழுதுங்க."

எனக்குக் கல்யாணமாகி எட்டு வருடத்தில் மாமியாரும் நானும் சண்டை போடாத மாதம் கிடையாது. சாம்பாருக்குப் புளி போடுவதிலிருந்து மூத்தவளுக்குத் தலைவாருவதுவரை சண்டைதான். அன்று அந்த மனுஷியின் காலில் விழலாம் போல இருந்தது. விழவில்லை. வயிறு இடித்தது.

டாக்டர் தேதியை மாற்றினார். ஆனால் வீட்டில் பெற்றுக்கொள்வதற்குத் தான் ஒருநாளும் சரி என்று சொல்லமாட்டேன் என்பதையும் முகத்துக்கு நேராகச் சொன்னார். வலி வந்தால் ஃபோன் செய்யுங்கள், புதுத் தேதியிலிருந்து ஏழு நாள் தாண்டினால் நீங்களே வந்துவிடுங்கள் என்றார். மிரட்டாமல் பேசிய முதல் ஆள் அவர்தான். எஸ்டேட்டம்மாவும் அதே ஏழு நாளைத்தான் சொல்லியிருந்தார். ஊரில் இரண்டு பேர் ஒரே கணக்கைச் சொன்னது எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது.

மறுநாளே மாமியாருக்குச் செய்தி வந்தது. அடுத்த வருடம் முதல் விளக்கை வேறு யாராவது ஏற்றிக்கொள்ளட்டும் என்று தெருப் பெண்கள் பேசிக்கொண்டார்களாம். சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அன்று கண்ணில் வந்த தண்ணீர் வெங்காயத்தால் மட்டும் வந்ததல்ல.

தை இருபத்தெட்டும் வந்தது, போனது. இப்போது உண்மையாகவே நாள் கடந்தது. பொய்யான நாள் கடந்தபோது எனக்கு இருந்த திமிர், உண்மையான நாள் கடக்கும்போது இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை. தினமும் சாப்பிட்டபின் இடது பக்கமாகப் படுத்துப் பிள்ளையின் அசைவை எண்ணச் சொல்லியிருந்தார் எஸ்டேட்டம்மா. மூன்றாம் நாள் மத்தியானம் எண்ணிக்கை ஏறவே இல்லை. ஒரு அசைவு, பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. எலுமிச்சைச் சாறு குடித்தேன், புரண்டு படுத்தேன், வயிற்றைத் தட்டினேன். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. எனக்கு நம்பிக்கையே இல்லாத ஒன்று அப்போது என் காதுக்குள் பேசியது. தீட்டோடு தூக்கினாயே, பார்த்தாயா என்றது.

அந்த நிமிடம் பயந்தேன். பயந்த சூட்டோடு கோபமும் வந்தது. பாரி வளர்த்ததற்குப் பிள்ளையை எடுக்கிற சாமி இருந்தால், அது என் சாமி இல்லை என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லிவிட்டு காரை எடுக்கச் சொன்னேன். எஸ்டேட்டம்மாவையும் ஏற்றிக்கொண்டு கம்பத்துக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். போகிற வழியிலேயே உள்ளே இருந்து ஓர் உதை விட்டது. பனிக்குடத்தில் நீர் போதுமான அளவு இருக்கிறது, துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். திரும்பி வரும்போது நான் அழுதேன். எஸ்டேட்டம்மா ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மாசி ஆறு. ஏழாம் நாள். விடிந்தும் வலி இல்லை. இடுப்பில் ஒரு பிடிப்பு வரும், போய்விடும். குளித்துவிட்டு வந்து பையை எடுத்து வாசலில் வைத்தேன். தோட்டத்திலிருந்து வந்த என் வீட்டுக்காரர் பையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

இத்தனை பேரோடு சண்டை போட்டுவிட்டு, ஊரெல்லாம் பேச்சு வாங்கிவிட்டு, கடைசியில் நீயே கிளம்புகிறாயே என்று கேட்டார். அவர் குரலில் கோபமில்லை, ஏமாற்றம் இருந்தது. பழம் தானாகப் பழுக்கும், நாம் அவசரப்படக்கூடாது என்றார்.

"திராட்சைக் கொடிய நறுக்கிக் கவாத்து அடிச்ச நாள எதுக்குச் சுவத்துல கரியால எழுதி வைக்கிறீக?" என்று கேட்டேன். "நூத்திப் பத்து நாளுன்னா நூத்திப் பத்து. அதுக்கு மேல அஞ்சு நாள் பாப்பீக. பிறகு கொடியில விட்டா அழுகிப்போகும்னு நீங்கதான ஆள விட்டு வெட்டுறீக? கொடிக்கு எண்ணுற நாள எனக்கு எண்ணமாட்டீகளா?"

மூச்சு வாங்கிக்கொண்டு மேலும் சொன்னேன்.

"அவுக தேதிக்கு நான் போகமாட்டேன்னுதான் சண்ட போட்டேன். இது என் தேதி. அத எண்ணுனதும் நானு, முடிஞ்சுபோச்சுன்னு சொல்றதும் நானு."

அவர் குனிந்து பையை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

வீட்டில் பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அந்த வாசலோடு முடிந்தது. வருத்தமாக இருந்தது. ஆறு மாதமாக நான் ஒழித்து வைத்திருந்த மேற்கு அறையை, அதில் வெயிலில் காயவைத்து மடித்து அடுக்கிய பழந்துணிகளைத் திரும்பிப் பார்த்தேன். ஆனால் தோற்றுப்போனதாகத் தோன்றவில்லை. தேனிக்கு வலியே இல்லாமல் போய்ப் படுத்தவள் வேறு, இவள் வேறு.

கம்பம் ஆஸ்பத்திரியில் பதிவு செய்கிற இடத்தில் நல்ல கூட்டம். எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் எனக்கு முன்னாலேயே வரிசையில் இருந்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த பெண் கார்டைப் புரட்டிவிட்டு, தேதி அடித்துத் திருத்தியிருக்கிறதே, கடைசியாகத் தூரமானது சரியாக எப்போது என்று கேட்டார். மாமியார் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"சித்திரைப் பொங்கலன்னைக்கு. முளைப்பாரி தூக்குன அன்னைக்குக் காலையில" என்றேன். வரிசைக்கே கேட்கும்படி சொன்னேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

வலி வர மருந்து வைப்பதற்கு முன்னால் என்ன வைக்கிறார்கள், எதற்கு என்று கேட்டேன். சொன்னார்கள். கத்தரி வைப்பதாக இருந்தால் முதலில் சொல்ல வேண்டும் என்றேன். மாமியார் பக்கத்தில் நிற்பார், எஸ்டேட்டம்மா வாசலில் இருப்பார், வலி வந்தால் நான் நடப்பேன், படுக்கமாட்டேன் என்றேன். ஒரு நர்ஸ், உங்களுக்கு எல்லாம் தெரியும் போல என்று முணுமுணுத்தார். எல்லாம் தெரியாது, என் உடம்பு தெரியும் என்றேன். வராந்தாவில் நடந்துகொண்டே வலி எடுத்தேன். மாமியார் கூடவே நடந்தார். வலி ஏறும்போதெல்லாம் என் கை நகம் அவர் தோளில் பதிந்தது. அவர் ஒரு முறைகூடத் தோளை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் பிறந்தாள். இரண்டாவதும் பெண். கத்தரி இல்லை, அடி இல்லை. பனிக்குட நீரில் லேசாகப் பச்சை கலந்திருந்தது. பிள்ளை நன்றாக இருக்கிறது, ஆனால் இன்னும் விட்டிருந்தால் நல்லதற்கில்லை என்று பிரசவம் பார்த்த டாக்டரம்மா சொன்னார். எஸ்டேட்டம்மா அதை என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னார். அவர் மகளைக் கையில் வாங்கி, அவள் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு கெடு என்ற வார்த்தையை அவர் கேலி செய்ததே இல்லை.

ஊரில் பேச்சு ஓயவில்லை. சின்னவளுக்குச் சளி பிடித்தால் ஒரு பேச்சு, பல் முளைக்கும்போது காய்ச்சல் வந்தால் ஒரு பேச்சு. நான் காது கொடுக்கவில்லை. மாமியார் காது கொடுத்தார், ஆனால் வாயும் கொடுத்தார். விளக்கு ஏற்றுவதற்கு அந்த வருடம் வேறொருவர் வந்தார். கும்மிப் பாட்டுக்கு இரண்டாம் அடி யாருக்கும் தெரியாமல் பாதியில் நின்றபோது இவர்தான் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தாராம். அடுத்த வருடம் கேட்காமலேயே விளக்கு இவர் கைக்கு வந்துவிட்டது.

இந்த வருடம் உரக்கடைக்காரர் புது நாட்காட்டி கொடுத்தார். மாமியார் அதே ஆணியில் மாட்டிவிட்டு, சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

"இனி ஒன்னுது நீயே போட்டுக்க" என்றார்.

பேனாவை வாங்கினேன். எனக்கான வட்டத்தைப் போடாமல், முந்தின நாள் சிலிண்டர் வந்ததை மட்டும் குறித்துவிட்டு மூடி போட்டு வைத்தேன்.